மூலக்குளத்துப் பாரிஸ் டாக்டர்

நிர்மலா மனோதத்துவத்தில் எம்.ஏ. முடித்து, சூதாட்டப் பழக்கத்தை விடவைக்கும் ஆலோசனைக்கென்று பெங்களூரில் தனியாக ஓராண்டுப் பயிற்சியும் பெற்று ஊருக்குத் திரும்பியபோது, புதுச்சேரியில் அவளுக்கு வேலைக்குப் பஞ்சமே இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னதில் தப்பில்லை. பஞ்சாலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. பகலில் போக இடமில்லாத ஆண்களுக்காக அங்கங்கே மனமகிழ் மன்றங்கள் திறந்திருந்தன. உள்ளே போனவர்களின் மனம் மகிழ்ந்ததோ என்னவோ, அவர்களுடைய வீடுகளில் யாரும் மகிழ்ச்சியாக இல்லை.

மூலக்குளத்தில் மாடியில் ஓர் அறை பிடித்து, 'சூதாட்டப் பழக்கத்திலிருந்து விடுதலை' என்று பலகை மாட்டினாள். முதலில் வந்தவர் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்றார். அடுத்து வந்தவர் ஒரு கை குறைகிறதா, தானும் உட்காரலாமா என்று கேட்டார். பலகையில் முதல் சொல்லை மட்டும் படித்திருந்தார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண்மணி ஒருநாள் காரணத்தைச் சொன்னாள்.

"அந்தப் படி ஏறுனா பைத்தியம்னு பேராயிடும்மா. சீட்டாடறான்னு பேரு வந்தா பரவால்ல. நாலு கூட்டாளியாவது இருப்பான்."

நிர்மலாவின் கணவன் கமலக்கண்ணன் அதே தெருவில் ப்ரௌசிங் சென்டர் வைத்திருந்தான். எட்டுக் கம்ப்யூட்டர்கள், எட்டுக்கும் பிளைவுட் தடுப்பு, தடுப்புக்குத் திரைச்சீலை. அவனுக்குப் பல் துலக்கும்போது யோசனைகள் வரும். ஒருநாள் வாயில் நுரையோடு வந்து நின்றான்.

"ஆளுங்க வராததுக்கு உன் படிப்பு காரணமில்ல. உன் மாடிப்படிதான் காரணம். ப்ரௌசிங் சென்டருக்குள்ள யார் போனாலும் ஒருத்தரும் எதுவும் கேக்கறதில்ல. கேக்க வேண்டியவங்களையே கேக்கறதில்ல."

"அதனால?"

"நீ ஆன்லைன்ல வா."

நிர்மலா யோசித்துப் பார்த்தாள். வெளிநாடுகளில் இப்படிச் செய்கிறார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எதிரே மனிதர் இல்லாதபோது வெட்கப்படுகிறவர்கள் கூடுதலாகப் பேசுகிறார்களாம். சென்டருக்குப் பின்னால் பிரிண்டர் பெட்டிகள் அடைந்து கிடந்த சிறிய அறையை ஒழித்து, ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், கேமரா, ஹெட்போன் வைத்தார்கள். அவளுடைய முகம் கம்பி வழியாக அங்கிருந்து கிளம்பி, எந்தெந்தத் தேசங்களையோ சுற்றிவிட்டு, ஒரு பிளைவுட் பலகைக்கு அந்தப் பக்கம் கடைசித் தடுப்பில் இருந்த கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் கலங்கலாகத் தெரியும்.

"நான் எங்க இருக்கேன்னு கேட்டா?" என்றாள்.

"கேட்டா பாத்துக்கலாம்."

யாரும் கேட்பதற்கு முன்பே துண்டுப் பிரசுரம் பதில் சொல்லிவிட்டது. 'பாரிஸ் டாக்டரின் நேரடி ஆன்லைன் ஆலோசனை. சீட்டு, லாட்டரி, பந்தயம், எப்பேர்ப்பட்ட பழக்கமும் தீரும். ரகசியம் காக்கப்படும். லேமினேஷன் செய்து தரப்படும்.' அச்சாகி, தினசரிகளுக்குள் வைத்து வீடுவீடாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிர்மலா அதைப் பார்த்தாள்.

"நான் டாக்டரும் இல்ல, பாரிஸும் இல்ல."

"ரெண்டுல ஒண்ணாவது இருந்தா நான் ஏன் நோட்டீஸ் போடப்போறேன்?" என்றான் கமலக்கண்ணன். "நீ எந்தப் பொய்யும் சொல்ல வேணாம். அத நோட்டீஸ் சொல்லிக்கும்."

அவன் ஊரைச் சரியாகத்தான் கணித்திருந்தான். லண்டன் டாக்டர் என்று போட்டிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். பாரிஸ் அப்படியில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு அது வெளிநாடு அல்ல, சித்தப்பா மகன் இருக்கும் இடம்.

முதல் ஆளாக வந்தவர் கலியபெருமாள். ஐம்பதை நெருங்கும் மனிதர். மூடிப்போன ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர், இப்போது ஒரு கிடங்கில் இரவுக் காவல். பகல் முழுவதும் மனமகிழ் மன்றத்தில் ரம்மி. ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் அவருடைய மனைவி அன்னக்கிளிதான் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கட்டணத்தைக் கட்டினாள். "முழுசா ஒரு மணி நேரம் பேசணும். பாதியில எழுந்து வந்தா வூட்டுக்கு வராத" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

கலியபெருமாள் ஹெட்போனைத் தலைகீழாக மாட்டிக்கொண்டார். பாரிஸ் வரைக்கும் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்தினார். நிர்மலாவுக்கு அவர் குரல் முதலில் பலகை வழியாகவும், அரை விநாடி கழித்து ஹெட்போனிலும் கேட்டது. அவருடைய ஒவ்வொரு துன்பத்தையும் அவள் இரண்டு முறை கேட்டாள்.

"கத்த வேணாம்ங்க. நல்லா கேக்குது."

"அப்படீங்களா. அங்க இப்ப மணி இன்னா டாக்டரம்மா?"

இங்கே பதினொன்று. நிர்மலா மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். "ஆறரை" என்றாள். பாரிஸில் மணி ஆறரை என்பது உண்மைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கலியபெருமாள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். "எனக்காகவா இம்மாம் காலையில எழுந்து உக்காந்துகினு இருக்கீங்க?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எங்க வூட்டுல எனக்காக யாரும் எழுந்திருக்க மாட்டாங்க."

நிர்மலா அடுத்த வாரமும் வரச் சொன்னாள்.

மறுவாரமும் வந்தார். அதற்கு மறுவாரமும் வந்தார். அன்னக்கிளி கூட வர வேண்டியிருக்கவில்லை. குளிர்காலத்தில் விடியுமுன் எழுந்து தனக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணிடம், நேற்றும் ஆடினேன் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதனாலேயே ஆலோசனைக்கு முந்தின நாள் மன்றத்துக்குப் போகாமல் இருந்தார். பிறகு அதற்கும் முந்தின நாள். நிர்மலா தன் சிகிச்சை முறை வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டாள்.

ஒருநாள் அவர் பேசிக்கொண்டிருக்கையில் தெருவில் கீரைக்காரி போனாள். அவளுடைய கூவல் பலகையைத் தாண்டியும் வந்தது, ஹெட்போனிலும் வந்தது. கலியபெருமாள் பேச்சை நிறுத்தினார்.

"டாக்டரம்மா, அங்கயும் கீரக்காரி வராளா?"

நிர்மலா மைக்கைக் கையால் பொத்தினாள்.

அவரே தொடர்ந்தார். "பாரிஸ்ல லாசப்பல் கடத்தெருவுல நம்மாளுங்க எல்லாம் விக்கறாங்கன்னு என் சித்தப்பா மவன் சொல்லுவான். அரக்கீர கெடைக்குதா?"

"ம்" என்றாள் நிர்மலா.

"பரவால்ல. உடம்ப பாத்துக்கங்க. குளிரு ஊரு."

அன்று அவள் கமலக்கண்ணனிடம் இதை நிறுத்திவிடலாம் என்றாள். "அந்தாள் ஆட்டத்த விடறாரா இல்லையா?" என்று அவன் கேட்டான். விடுகிறார். "அப்ப யாருக்கு நஷ்டம்?" என்றான். யாருக்கும் இல்லை. அவள் மறுநாளும் போய் அந்த அறையில் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் கலியபெருமாள் அவளிடம் ஒன்று சொன்னார். அதற்கு முன் வெகுநேரம் திரையைப் பார்த்தபடி மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மன்றத்துக்கு நான் காசுக்காகப் போவலம்மா. அங்க போனா நாற்காலிய இழுத்துப் போடுவானுங்க. ஃபிட்டர் வந்துட்டாரு, சீட்டப் போடும்பானுங்க. வூட்டுல நான் வந்தா டிவி சத்தத்த கொறைக்கக்கூட ஆளில்ல."

"சொல்லுங்க."

"இன்னொண்ணும் இருக்குது. எங்கியும் சொன்னதில்ல. பொண்ணு படிப்புக்குன்னு அன்னக்கிளி அரிசி ட்ரம்முல காசு வெச்சிருந்தா. எடுத்துகினு போயி தோத்துட்டேன். அந்த வாரம் அவ தங்கச்சி சின்னப்பாப்பா வந்து தங்கியிருந்துச்சு. அவதான் எடுத்தான்னு அன்னக்கிளி நெனச்சிட்டா. நான் வாயத் தொறக்கல. ரெண்டு வருஷமா அக்கா தங்கச்சி பேச்சு கெடையாது. அதுக்குப் பாவம் எதுக்குன்னே தெரியாது." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க அவ்ளோ தூரத்துல இருக்கறதாலதான் சொல்றேன்."

நிர்மலா கைநீட்டினால் தொடக்கூடிய தூரத்தில்தான் அவர் அழுதுகொண்டிருந்தார்.

கலியபெருமாள் மன்றத்துக்குப் போவதில்லை என்ற செய்தி மன்றத்தில்தான் முதலில் பரவியது. ஒருவர் பின் ஒருவராக அவருடைய கூட்டாளிகள் வந்தார்கள். சிலரை மனைவிகள் அனுப்பினார்கள். சிலர், கலியபெருமாளுக்குக் கிடைத்தது தங்களுக்கும் கிடைக்கட்டும் என்று தாங்களாகவே வந்தார்கள். மூலக்குளம் மட்டுமல்லாமல் உழவர்கரையின் மற்ற பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். டாக்டர் ஒருவர்தான், கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஆகவே காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தவர்களுக்குக் கை துறுதுறுத்தது.

கமலக்கண்ணன் சென்னைக்குப் போய் ஒரு சிடி வாங்கி வந்தான். அதைப் போட்டால் ஏழு கம்ப்யூட்டர்களிலும் ஒரே ரம்மி ஓடும். சீட்டுக் கலைக்க வேண்டாம், கள்ளாட்டம் ஆட முடியாது. பணம் கம்ப்யூட்டருக்குள் வராது. ஆட்டம் முடிந்ததும் வெளியே டீக்கடையில் அவர்களே தீர்த்துக்கொள்வார்கள். ஆள் குறைந்தால் கமலக்கண்ணனே ஒரு கை உட்கார்ந்தான். மணிக்கணக்கில் கட்டணம் வசூலானது. ஆலோசனைக்கு ஒரு மணி நேரம், அதற்காகக் காத்திருப்பதற்கு நான்கு மணி நேரம் என்று ஒரு நல்ல ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது. சிலர் ஆலோசனைக்கு முறை வந்து கூப்பிட்டால், கை நன்றாக இருக்கிறது, அடுத்தவரை அனுப்புங்கள் என்றார்கள்.

மனமகிழ் மன்றத்தின் செயலாளர் ராமலிங்கம் ஒருநாள் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. சண்டை போடத்தான் வந்திருந்தார். கமலக்கண்ணன் அவரைக் கடைசித் தடுப்பில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டான்.

"டாக்டர், நான் சீட்டாடறவன் இல்ல. சீட்டாட எடம் கொடுக்கறவன்" என்று தொடங்கினார் ராமலிங்கம். "மன்றத்துல ஃபேன் சுத்துது, கீழ ஆளில்ல. தூக்கம் வரமாட்டேங்குது. உங்க வைத்தியத்தால ஊரே குணமாயிடுச்சுன்னா என் கதி இன்னா? அதுக்கும் நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

நிர்மலா அவருடைய மனக்கவலையை அக்கறையோடு கேட்டாள். வேறு தொழில் பற்றி யோசிக்கலாம் என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனார். போகும் வழியில் ஏழு திரைகளிலும் என்ன ஓடுகிறது என்று பார்த்தார். தன் உறுப்பினர்கள் யாரும் குணமாகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது அவருக்குப் பெரிய ஆறுதல் ஏற்பட்டது. அடுத்த நாளிலிருந்து அவரும் தவறாமல் வந்தார்.

நிர்மலாவுக்கு இது எதுவும் தெரியாது. வீட்டிலிருந்து பின்பக்க வழியாக அறைக்குள் வந்து, பின்பக்க வழியாகவே திரும்பிப் போனாள். சென்டர் பக்கமுள்ள கதவை அவள் உள்ளிருந்து தாழிட்டே வைத்திருந்தாள். பாரிஸில் இருப்பவள் அதைத் திறக்க முடியாது.

அது தெரிய வந்தது கலியபெருமாள் வாயால்தான்.

"மன்றத்துப் பக்கம் போயி எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்டாள்.

"மாசக்கணக்குல ஆவுதும்மா. அந்தத் தெருவாலயே போறதில்ல."

"ரொம்ப நல்லது. அந்த நேரத்துல என்ன பண்றீங்க?"

"இங்கதான் இருக்கேன்."

"இங்கன்னா?"

"தோ, வெளியில. கம்ப்யூட்டர்ல ரம்மி ஆடறோம். ராமலிங்கம் சார்கூட வந்துட்டாரு. நேத்து கை நல்லா வந்துச்சும்மா."

நிர்மலா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "யாரு ஆடச் சொன்னாங்க?"

"சென்டர் சார்தான். இது ரெண்டாவது கட்ட ட்ரீட்மெண்டாமே. பாரிஸ்லேர்ந்து நீங்க அனுப்புன சிடின்னு சொன்னாரு." அவர் முகத்தில் சந்தேகம் படர்ந்தது. "நீங்க அனுப்பலையா?"

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். கதவை ஒட்டி அடுக்கியிருந்த பிரிண்டர் பெட்டிகளை ஒதுக்கினாள். தாழைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

கேமராவுக்குத் தெரிகிற வரையில் அவள் இஸ்திரி போட்ட சுடிதார்ச் சட்டை அணிந்திருந்தாள். அதற்குக் கீழே வீட்டில் உடுத்தும் பழைய பாவாடை. காலில் செருப்பு இல்லை. ஏழு தடுப்புகளிலும் திரைச்சீலைகள் விலகின. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கதவைப் பார்த்தார்கள். பிறகு பாவாடையைப் பார்த்தார்கள். கமலக்கண்ணன் கையில் அப்போது பதிமூன்று சீட்டும் சேர்ந்திருந்தன. அவன் திரையை அணைக்க மறந்துவிட்டான்.

ராமலிங்கம்தான் முதலில் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு கைகூப்பினார்.

"வணக்கம் டாக்டர். எப்ப வந்தீங்க? ஃப்ளைட்டு நேரத்துக்கு வந்துச்சா?"

"நான் எங்கயும் போகல" என்றாள் நிர்மலா. "இந்தக் கதவுக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தேன். நான் இவரு சம்சாரம். நாலாவது வீடு."

கடைசித் தடுப்பிலிருந்து கலியபெருமாள் வெளியே வந்தார். ஹெட்போன் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"அப்ப அந்தக் கீரக்காரி?"

"நம்ம தெரு கீரைக்காரிதாங்க."

அவர் தலையசைத்தார். ஹெட்போனைக் கழற்றி, கம்பியைச் சுருட்டி, மேசைமேல் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அன்று மாலை கணவனும் மனைவியும் பேசியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

"நாம யாரையும் ஆடச் சொல்லல நிம்மி. காத்திருக்கறவங்களுக்குப் பொழுது போகணும்ல?"

"குடிய நிறுத்தற ஆஸ்பத்திரி வாசல்லயே ஒயின்ஷாப் திறந்து வெச்சிருக்கீங்க."

கமலக்கண்ணன் கொஞ்சம் யோசித்தான். "நல்ல எடம்தான் அது" என்றான்.

அவள் எழுந்துபோய் வேறு அறையில் பாயைப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சென்டர் வெறிச்சோடும் என்று இருவருமே நினைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கே வாசலில் கூட்டம் நின்றது. பாரிஸ் டாக்டர் நேரிலேயே வந்திறங்கியிருக்கிறார் என்று செய்தி பரவியிருந்தது. நிர்மலா ஒவ்வொருவரிடமும் தான் பாரிஸைப் படத்தில்தான் பார்த்திருப்பதாகச் சொன்னாள். எவ்வளவு தன்னடக்கம் பார் என்றார்கள். திரும்பிப் போகும்போது மகனிடம் சேர்த்துவிடும்படி ஓர் அம்மாள் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுவந்து, வாங்கிக்கொள்ளாவிட்டால் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ராமலிங்கம் கமலக்கண்ணனை ஓரமாக அழைத்துப்போய், மன்றத்தையும் சென்டரையும் ஒன்றாக்கிவிட்டால் டாக்டரை மாடியில் உட்காரவைக்கலாம் என்று ஒரு திட்டம் சொன்னார். கீழே தோற்றவர்கள் நேராக மேலே போகலாம். உறுப்பினர்களுக்குக் கட்டணத்தில் சலுகை.

கலியபெருமாள் மட்டும் வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நிர்மலா அவருடைய வீட்டைத் தேடிப் போனாள். அன்னக்கிளி வாசலில் உட்கார்ந்து அரிவாள்மனையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, முதலில் யாரென்று தெரியாமல் விழித்தாள்.

"நான் நிர்மலா. அந்த பாரிஸ்."

"ஓ" என்றாள் அன்னக்கிளி. "கேமராவுல செவப்பா தெரிஞ்சீங்களாமே. உக்காருங்க."

நிர்மலா படியில் உட்கார்ந்தாள். "அவர் கோவமா இருக்காரா அக்கா?"

"கோவமா? அன்னிக்கு வந்தவரு சோறு வேணான்னுட்டாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. 'அந்தம்மா இதே ஊருல இருக்குது, கடைத்தெருவுல உன்ன பாத்துச்சுன்னா சொல்லிடும், அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்'னாரு. என்னன்னு கேட்டேன். அரிசி ட்ரம்மு காச அவருதான் எடுத்தாராம்."

நிர்மலாவின் ஓராண்டுப் பயிற்சி செய்யாததை, அவள் நான்கு தெரு தள்ளி வசிக்கிறாள் என்ற பயம் செய்திருந்தது.

"ரெண்டு வருஷம்மா" என்றாள் அன்னக்கிளி. மீனிலிருந்து கையை எடுக்கவில்லை. "கூடப் பொறந்தவள திருடின்னு நெனச்சிகினு இருந்தேன். அவ பொண்ணு காது குத்தலுக்குக்கூட நான் போவல. விடிஞ்சதும் இவர இழுத்துகினு தேங்காய்த்திட்டுக்குப் போனேன். அவ வூட்டுக்காரரு அங்க மீன் ஏலம் உடறவரு. சின்னப்பாப்பா வாசல் பெருக்கிகினு இருந்தா. இவரு போயி நடுத்தெருவுல நின்னு எல்லாத்தையும் சொன்னாரு. அவ தொடப்பத்த கீழ போட்டுட்டு என்ன கட்டிகினு அழுதா. இவர ஒரு வார்த்த கேக்கல. அதான் இவருக்குத் தாங்கல."

"நீங்க அவர மன்னிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல" என்றாள் அன்னக்கிளி. "சோறு போடறேன்."

தங்கையின் கணவர் கலியபெருமாளை அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தில் வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தார். சும்மா விட்டால் எங்கே போவாரோ என்ற கவலைதான் காரணம். நிர்மலா பேருந்து பிடித்துத் தேங்காய்த்திட்டுக்குப் போனாள்.

படகுகள் வந்து சேர்ந்திருந்த நேரம். ஈரத் தரையில் கூடைகள் வரிசையாக இருந்தன. வியாபாரிகளும் கூடைக்காரப் பெண்களும் வட்டமாக நின்றார்கள். நடுவில் லுங்கியை மடித்துக் கட்டி நின்று விலை கூவிக்கொண்டிருந்தவர் கலியபெருமாள். முப்பது பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நிறுத்தினால் அவர்கள் மூச்சு விட்டார்கள், அவர் தொடங்கினால் அவர்கள் நெருங்கினார்கள். ஹெட்போனில் அழுத மனிதர் இவர்தானா என்று நிர்மலாவுக்குச் சந்தேகம் வந்தது.

அவர் அவளைப் பார்த்துவிட்டார். குரல் ஒரு நொடி தடுக்கியது. பார்வையை விலக்காமலே அடுத்த கூடைக்கு விலை கூவினார். எதிரில் இருப்பவர் சங்கடப்படும்போது மெதுவாகத் தலையாட்டி ஆதரவு காட்ட வேண்டும் என்று பெங்களூரில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நிர்மலா தலையாட்டினாள். அவர் விலையை இன்னொரு முறை கூவினார். அவள் இன்னும் பரிவாகத் தலையாட்டினாள். கூடை அவள் காலருகே வந்து விழுந்தது. முழுக் கூடை மத்தி.

கூட்டம் சிரித்தது. கலியபெருமாள் வேறொருவரைக் கூவச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"இன்னாம்மா இது. எனக்கு வேணான்னு சொல்லியிருக்கலாமில்ல."

"வாங்கறதுக்கு ஆட்டல. உங்களுக்காக ஆட்டினேன்."

"ஏலத்துல தல அசைஞ்சா அசைஞ்சதுதான். எங்க சகல உடமாட்டாரு." அவர் முதல் முறையாகச் சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "எனக்காக ஒருத்தங்க விடியக்காலத்துல எழுந்திருக்காங்கன்னு நெனச்சேன் டாக்டரம்மா. அதான் வலிச்சுது. மத்தபடி ஒண்ணுமில்ல."

"தப்புதாங்க. முதல் நாளே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நான் பேசியிருக்க மாட்டேன்" என்றார் அவர். யோசித்துப் பார்த்துச் சொன்னது போலிருந்தது. "ஆனாலும் சொல்லியிருக்கணும்."

"ஆடணும்னு தோணுதா இப்ப?"

"தோணுது. கை துறுதுறுங்குது. இங்க கத்திட்டுப் போனா தொண்டையோட சேந்து அதுவும் களைச்சுப் போவுது. என் காசு எதுவும் இதுல இல்ல. ஜெயிச்சாலும் தோத்தாலும் அவனுங்களுது." கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "இது வைத்தியமா, இன்னொரு வியாதியான்னு தெரியல. நீங்கதான் படிச்சவங்க."

நிர்மலாவுக்கும் தெரியவில்லை. அப்படியே சொன்னாள். அவர் அதைக் கேட்டு ஏமாற்றமடைந்ததாகத் தோன்றவில்லை. மீன் வாடைக்கு முகம் சுளித்த இரண்டு ஆட்டோக்காரர்களைத் திட்டி அனுப்பிவிட்டு, மூன்றாவது ஆட்டோவில் கூடையை ஏற்றிவிட்டார். வியாழக்கிழமைகளில் படகு குறைவு, வந்தால் பேசலாம் என்றார்.

பாதிக் கூடையை அன்னக்கிளி வீட்டில் இறக்கிவிட்டு, மீதியோடு நிர்மலா தன் வீட்டுக்கு வந்தாள். பொழுது சாய்ந்திருந்தது. சென்டர் பூட்டியிருந்தது. கமலக்கண்ணன் கொல்லையில் தனியாக உட்கார்ந்திருந்தான். இவ்வளவு மீன் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஒரு கத்தியை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்து செதில் சுரண்டத் தொடங்கினான்.

"அந்த சிடிய ராமலிங்கம் வாங்கிகினு போயிட்டாரு" என்றான். "மன்றத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் ஆறு வாங்கப்போறாராம். மாசாமாசம் வந்து பாத்துக்கச் சொன்னாரு."

"பாத்துப்பீங்களா?"

"முடியாதுன்னுட்டேன்."

நிர்மலா நிமிர்ந்து பார்த்தாள். பணம் வரும் வேலையை அவன் வேண்டாமென்று சொல்லி அவள் கேட்டதில்லை.

அவன் அவளைப் பார்க்காமல் மீனைத் திருப்பிப் போட்டான். "ஆள் கொறையுதேன்னு தான் முதல்ல உக்காந்தேன் நிம்மி. அப்புறம் ஆள் இருந்தப்பவும் உக்காந்தேன். நேத்து சென்டர பூட்டிட்டு உள்ள தனியா உக்காந்து, எதிர்ல யாருமே இல்லாம, நாலு கையையும் நானே ஆடினேன்." கத்தியைக் கீழே வைத்தான். "இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவன் கைகளில் செதில் அப்பியிருந்தது. அவள் எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவன் கைகளில் ஊற்றினாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.